வந்துட்டியா என்று கேட்ட பெட்டி

அல்சூர் ஏரிக்குப் பின்தெருவில் இருந்த அந்த ஆபீசில், நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்திருந்த அறை முன்பு குளியலறையாக இருந்ததாம். சுவரில் வெள்ளை டைல்ஸ் அப்படியே இருந்தது. தண்ணீர் போகும் ஓட்டையைச் சிமெண்ட் பூசி அடைத்திருந்தார்கள். ஜன்னல் இருந்த இடத்தில் ஏ.சி. உட்கார்ந்திருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால் வெளியே பஸ் ஹாரன்கூடக் கேட்காது, ஃபேன் இரைச்சல் மட்டும்தான். பேசினால் நம் குரலே டைல்ஸில் மோதிக் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வரும். முதல் நாள் உள்ளே போனதும், சோப்பு எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கூட வந்த அட்மின் சார் சிரிக்கவில்லை.

அட்மின் சார் என்றால் அந்த ஆபீசின் கரண்ட், தண்ணீர், டீ, பூட்டு சாவி எல்லாம் பார்த்துக்கொள்ளும் கன்னடக்காரர். அவருக்குத் தமிழ் புரியும், பேசினால் பாதி கன்னடம் கலந்து வரும். அது அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் கேட்டு டைப் அடிக்கும் ஆபீஸ். நான் ஜீவனஹள்ளிக்காரன். பி.யூ.சி. இரண்டாம் வருஷத்தில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, கேபிள் இழுக்கும் காண்ட்ராக்டர் ஒருவரிடம் சேர்ந்து, ஏணி ஏறி, எலி கடித்த ஒயர் மாற்றி, கடைசியில் பெட்டிக்குள் கட்டளை டைப் அடிக்கவும் கற்றுக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவது என் வேலை.

ஆபீசில் இருக்கும் எல்லா கம்ப்யூட்டரின் ஒயரும் வந்து சேருகிற பெட்டிதான் ஸ்விட்ச். அது பழைய மாடல், ஆள் இடுப்பு உயரம். அதற்கென்று பக்கத்தில் ஒரு கிழட்டு கம்ப்யூட்டர் ஒயர் போட்டு வைத்திருப்பார்கள். அதில் ஐகான் கிடையாது, படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் நாம் டைப் அடித்தால் பெட்டி பதில் சொல்லும்.

எனக்கு முன்னால் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டவர் இறந்துபோயிருந்தார். மஞ்சள் காமாலை. கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கொஞ்ச நாளில் போய்விட்டார் என்றார்கள். வயது முப்பதைத் தாண்டவில்லை. நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் வைத்திருந்த ஃபைல்களைப் பார்த்தேன்.

முதல் தடவை உள்ளே நுழைந்ததும், பாஸ்வேர்ட் கேட்பதற்கு முன்னால் திரையில் ஒரு வரி வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். 'வந்துட்டியா? கதவ சாத்திட்டு உக்காரு.'

திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது. எழுந்து போய்ச் சாத்தினேன்.

ஏ.சி. குளிர் வெளியே போகக் கூடாது என்பதற்காக அவர் எழுதி வைத்த வரி அது. அந்த மாதிரி வாசல் வரி ஒன்று வைத்துக்கொள்ள எல்லாப் பெட்டியிலும் வசதி உண்டு. 'அனுமதி இல்லாதவர் நுழையக் கூடாது' என்று ஊர் முழுக்க எழுதுவார்கள். இவர் இப்படி எழுதியிருக்கிறார். சரி, நம்ம ஜாதி ஆள் போலிருக்கிறது, வாய் சும்மா இருக்காத ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஃபைல் பட்டியலைக் கேட்டேன். 'தொடாதே' என்று ஒரு ஃபைல். அதற்குக் கீழே 'இதையும் தொடாதே'. அதற்கும் கீழே 'தொட்டுட்டியா'. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது டைல்ஸில் பட்டுத் திரும்பி வந்தபோது நிறுத்திவிட்டேன்.

இதில் 'தொடாதே' என்பதுதான் முக்கியமான ஃபைல். எந்த ஒயர் எந்த மேஜைக்குப் போகிறது, எது யாரோடு பேசலாம், வாசல் வரி என்ன, எல்லாம் அதில் இருக்கும். கரண்ட் போய் வந்தால் பெட்டி தூக்கத்திலிருந்து எழுந்து, மேல் இடுக்கில் சொருகியிருக்கும் மெமரி கார்டைப் பார்க்கும். அதில் 'தொடாதே' என்ற பெயரில் என்ன இருக்கிறதோ அதைப் படித்து அதன்படி நடந்துகொள்ளும். தான் யார் என்று ஒவ்வொரு முறையும் அங்கே பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும்.

ஆபீஸ் மாடி மாறியது, ஆட்கள் பாதி போனார்கள், புதிய ஆட்கள் வந்தார்கள். அதற்குத் தகுந்தபடி நான் ஒரு புதுக் கார்டில் எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். வாசல் வரியை முதலில் எடுத்தேன். எனக்குப் பேய் பயம் கிடையாது. ஆனாலும் வாரா வாரம் செத்தவர் 'வந்துட்டியா' என்று கேட்க, நான் போய் உட்கார, அது சரிப்பட்டு வரவில்லை. ஃபைல் பெயரை மட்டும் 'தொடாதே' என்றே விட்டுவிட்டேன். பெட்டி அந்தப் பெயரைத்தான் தேடும், அதை ஏன் நோண்டுவானேன் என்று. புதுக் கார்டை மேல் இடுக்கில் போட்டு, அவருடைய பழைய கார்டைக் கீழ் இடுக்கில் சும்மா கிடக்கட்டும் என்று வைத்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் ஆயுத பூஜைக்கு ஆபீஸ் ஆபீசாக வாழைக்கன்று கட்டி, கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். அட்மின் சார் அதில் யாரையும் மிஞ்சுவார். பூஜையில் கருவிகளை இலையில் பரப்பி வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஸ்க்ரூடிரைவர், ஒயர் நறுக்கும் கட்டர், சாவிக்கொத்து, டார்ச் எல்லாம் வைத்தார். பிறகு பெட்டியிலிருந்து எது எது வெளியே வருமோ அதையெல்லாம் எடுத்தார். வந்தது இரண்டு மெமரி கார்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினாலும் பெட்டிக்கு அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டையும் வாழையிலையில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி, துடைத்து, பக்தியோடு திரும்பச் சொருகினார். இடம் மாற்றிச் சொருகினார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் மழை பெய்து கரண்ட் போனது. திரும்ப வந்தபோது, பெட்டி மேல் இடுக்கைப் பார்த்தது.

திங்கட்கிழமை காலை நான் போனபோது ரிசப்ஷனில் யாரும் யாரோடும் பேசவில்லை. வேலை நின்றிருந்தது. டைப் அடிக்கும் பெண்கள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அட்மின் சார் என்னைத் தள்ளிக்கொண்டு போய், கன்னடத்தில் ரகசியமாகச் சொன்னார். சனிக்கிழமை கரண்ட் வந்ததும் உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்க அவரும் ஒரு டைப்பிஸ்ட் பெண்ணும் போனார்களாம். கிழட்டு கம்ப்யூட்டர் திரையில் அந்த வரி நின்றுகொண்டிருந்ததாம். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியும். வாய்விட்டுப் படித்துவிட்டாள்.

நான் கேலி செய்தேன். பூசணிக்காய் சின்னதாக வாங்கியிருப்பீர்கள், அதுதான் வந்துவிட்டார் என்றேன். அவர் என் கையைப் பிடித்து மாடிப்படியைக் காட்டினார்.

"மேல ஹோகி நோடு மொதலு. ஆமேல நகு," என்றார். மேலே போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் சிரி என்று அர்த்தம்.

மூன்றாவது மாடி மூடிக் கிடந்த மாடி. ஆட்கள் போன பிறகு மேஜைகளையும் கம்ப்யூட்டர்களையும் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்கள். திரைச்சீலை எல்லாம் இழுத்து விட்டிருந்ததால் காலை பத்து மணிக்கும் உள்ளே இருட்டு. கதவைத் திறந்தேன். உறைகளுக்குள் திரைகள் எரிந்துகொண்டிருந்தன. வரிசையாக, மங்கலாக, தண்ணீருக்குள் விளக்கு வைத்த மாதிரி. ஒவ்வொரு கம்ப்யூட்டர் முதுகிலும் பச்சைப் புள்ளி சிமிட்டியது. போய்விட்ட ஆட்களின் நாற்காலிகள் அவற்றின் முன்னால் ஒழுங்காக இருந்தன. எங்கோ ஒரு மெஷின் பீப் என்றது. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

காரணம் எனக்குத் தெரியும். கரண்ட் வந்தால் தானே எழுந்துகொள்ளும்படி அந்த மெஷின்களை யாரோ எப்போதோ வைத்திருக்கிறார்கள், ஸ்விட்ச்சில் நான் அடைத்து வைத்த மூன்றாம் மாடி ஒயர்களைப் பழைய ஃபைல் திறந்துவிட்டிருக்கிறது. எல்லாம் தெரிந்தும், அந்த ஹாலுக்குள் கால் வைக்காமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

கீழே அறைக்குப் போய் உட்கார்ந்தேன். 'வந்துட்டியா? கதவ சாத்திட்டு உக்காரு.' பாஸ்வேர்டும் பழையதாகிவிட்டிருந்தது, அவருடையது. அது எனக்கு நினைவிருந்தது. ஒயர்களின் பட்டியலைக் கேட்டேன். ஒவ்வொரு ஒயருக்கும் அவர் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். 'கொட்டாவி', 'ரெண்டு டீ', 'லீவு கேக்காதே'. அந்தப் பெயர்க்காரர்களில் பாதிப் பேர் வேலையை விட்டுப் போய்விட்டவர்கள். பெட்டியைப் பொறுத்தவரை எல்லோரும் அன்று வேலைக்கு வந்திருந்தார்கள்.

வேலை ரொம்பச் சுலபம். கார்டுகளை மறுபடி இடம் மாற்றிவிட்டுப் பெட்டியைத் திரும்ப எழுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அட்மின் சார் பழைய கார்டில் ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தார். அதனால் அதை முதலில் துடைத்துவிடலாம் என்று 'தொடாதே' ஃபைலை டெலீட் செய்தேன். மற்ற இரண்டையும் செய்தேன்.

அப்போது கதவு திறந்தது. ரிசப்ஷன் அக்கா. உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

அவள் இறந்துபோனவருடைய மனைவி. ரெண்டு பேரும் அந்த ஆபீசில்தான் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர் போன பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்து ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லும் எந்த ஜோக்குக்கும் சிரிக்காதவள் என்பதால் அவளிடம் மட்டும் நான் அடக்கி வாசிப்பேன்.

திரையைப் பார்க்காமல் டைல்ஸைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அழிச்சுட்டியா தம்பி?"

ஆயிற்று அக்கா என்றேன். அவள் போகவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவளுக்கு மறுகல்யாணம் பேசி முடித்திருக்கிறது. மாப்பிள்ளையும் மனைவியை இழந்தவர், ரயில்வேயில் வேலை. ஒக்கலிபுரத்தில் இவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. ஆபீசில் யாருக்கும் சொல்லவில்லை. அந்த டைப்பிஸ்ட் பெண்ணும் அதே தெரு. சனிக்கிழமை அவள் படித்தது ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா காதுக்குப் போய்விட்டது. போகிற வழியில் வளர்ந்துவிட்டது. புருஷன் இன்னும் அந்த ஆபீசில்தான் இருக்கிறான், பெண்டாட்டியைப் பார்த்து 'வந்துட்டியா, கதவைச் சாத்திட்டு உட்கார்' என்கிறான், என்று. அந்த அம்மா வந்து, அவன் இன்னும் போகாத இடத்தில் என் மகனைக் கொண்டுவந்து எப்படி உட்கார வைப்பேன், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

"அழிச்சுட்டன்னு சொன்னியே. சுத்தமா போய்டுச்சா? மறுபடி வராதா?"

சும்மா ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பெட்டியில் டெலீட் என்றால் அழிவது இல்லை. ஃபைல் கார்டிலேயே இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் செத்தது என்று ஒரு எழுத்து மட்டும் விழும். சாதாரணப் பட்டியலில் தெரியாது. செத்ததையும் சேர்த்துக் காட்டு என்று கேட்டால் காட்டும். வேண்டுமானால் நம்பரைச் சொல்லி எழுப்பிவிடலாம். அவளிடம் அதைச் சொன்னேன். செய்தும் காட்டினேன். மூன்று பெயரும் வந்து நின்றன, பக்கத்தில் அந்த எழுத்தோடு.

அவள் இப்போது திரையைப் பார்த்தாள். "அப்ப இங்கதான் கீது," என்றாள்.

"இருக்குது. ஆனா பிழிஞ்சுட்டா போய்டும்."

ஸ்க்வீஸ் என்று ஒரு கட்டளை உண்டு. செத்ததை எல்லாம் பிழிந்து வெளியே தள்ளிவிட்டு கார்டைக் காலி செய்யும். அதற்கப்புறம் யாராலும் எழுப்ப முடியாது. அதைச் சொன்னதும் அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தானே செய்வதாகச் சொன்னாள். அதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து காட்டச் சொன்னாள்.

'தொடாதே'யை எழுப்பித் திறந்தேன். பட்டப்பெயர்கள் வரிசையாக ஓடின. அவள் விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு வந்தாள். சில பெயர்களில் நின்றாள். இது சிரிச்சா மூக்குல டீ வரும் ஆளு, இது லிஃப்ட்ல மாட்னவ, என்று அடையாளம் சொன்னாள். ரிசப்ஷன் ஒயரில் வந்து விரல் நின்றது. அதில் பட்டப்பெயர் இல்லை. அவள் பெயர் இருந்தது, முழுசாக, ஒரு எழுத்து விடாமல்.

"எல்லாருக்கும் ஒரு பேரு வெச்சாரு. எனக்கு மட்டும் என் பேரையே வெச்சாரு," என்றாள். பிறகு, "எடுத்துடு," என்றாள்.

மறுபடி டெலீட் செய்தேன். ஸ்க்வீஸ் என்று அடித்துக் கொடுத்தேன். பெட்டி கேட்டது: செத்த ஃபைல் எல்லாம் போய்விடும், தொடரலாமா? 'ஒய்' எழுத்து என்றால் சரி, 'என்' எழுத்து என்றால் வேண்டாம். எதை அமுக்க வேண்டும் என்று காட்டினேன். ஒய்யை அமுக்கினாள். பெட்டி இன்னொரு தடவை கேட்டது: இதற்கு நேரம் பிடிக்கலாம், தொடரலாமா?

ரெண்டாவது கேள்வி வருமென்று நான் சொல்ல மறந்திருந்தேன். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. ஃபேன் இரைந்தது. கேள்விக்குப் பக்கத்தில் கட்டம் விட்டு விட்டு மின்னியது. நான் ஜோக் சொல்லித் தப்பிக்கிற ஆள். அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவள் கண்ணை மூடியிருந்தாள், உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று ஃபேன் கேட்க விடவில்லை.

கொஞ்ச நேரம் யாரும் கை வைக்காமல் இருந்தால் பெட்டி தானே வாசலைச் சாத்திக்கொள்ளும். அந்த நேரத்தையும் அவர்தான் அந்த ஃபைலில் குறைத்து வைத்திருந்தார். எனக்கு அது நினைவில் இல்லை. திரை சட்டென்று காலியானது. கேள்வி போய்விட்டது. அவள் கண்ணைத் திறந்து, முடிஞ்சுதா என்று கேட்டாள். நான் என்னவென்று பார்க்க என்டரைத் தட்டினேன்.

'வந்துட்டியா? கதவ சாத்திட்டு உக்காரு.'

ஃபைல் டெலீட் ஆகியிருந்தாலும் பெட்டி எழுந்தபோது படித்தது அதன் தலையில் அப்படியே இருக்கும், திரும்ப எழுப்பும்வரை போகாது. அந்தக் காரணத்தை நான் பிறகு அவளுக்கு விளக்கினேன். அந்த நிமிஷம் என் நாற்காலியைப் பின்னால் தள்ளியிருந்தேன்.

அவள் எழுந்து ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள். பக்கத்து நாற்காலியில் இருக்கிற ஆளிடம் பேசுவது போலத்தான் பேசினாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"வந்தேன். உக்காந்தேன். போதும் போ."

பிறகு என் பக்கம் திரும்பி, மறுபடி அந்தக் கேள்வி வரைக்கும் கொண்டுபோகச் சொன்னாள். பாஸ்வேர்ட் அடித்தேன். ஸ்க்வீஸ் அடித்தேன். முதல் கேள்விக்கு ஒய். இரண்டாவது கேள்விக்கும் ஒய். அவள் விரல்தான் இரண்டு தடவையும். கார்டு இருந்த இடுக்கின் விளக்கு மட்டும் எரிந்தது. அது அணைந்ததும், செத்ததையும் சேர்த்துக் காட்டு என்று கேட்டேன். காட்ட ஒன்றும் இல்லை என்றது.

கார்டுகளை மாற்றினேன். பெட்டியை எழுப்பினேன். எழுந்து பாஸ்வேர்ட் மட்டும் கேட்டது. மாடிப்படியில் இருந்த பெண்கள் மேஜைக்குப் போனார்கள். மூன்றாம் மாடிக்குப் போய் மெஷின்களை அணைக்க அட்மின் சார் என்னைக் கூப்பிட்டார். எல்லா விளக்கையும் போட்ட பிறகு போனேன், அவரை முன்னால் விட்டு.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் அக்கா என்னை மாப்பிள்ளையின் அம்மாவிடம் நேரில் வந்து சொல்லச் சொன்னாள். இவள் வாயால் சொன்னால் அந்த அம்மா நம்பவில்லை. பெட்டிக்காரனைக் கூட்டிவா என்றிருக்கிறாள்.

ஒக்கலிபுரத்தில் ரயில்பாதைப் பக்கத்து வீடு. வண்டி போகும்போது அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் சாமியாராகவோ மாந்திரீகனாகவோ இருப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போல. ஜீன்ஸ் போட்ட ஒல்லிக்குச்சியைக் கண்டு ஏமாந்துவிட்டாள். அக்கா வாசற்படியிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

நான் பூஜை, கார்டு, இடுக்கு என்று விளக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் உடு. இப்ப அவன் அதுல கீறானா இல்லியா?"

"இல்லம்மா."

"எங்க போனான்?"

பிழிந்துவிட்ட ஃபைல் எங்கே போகிறது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை, நான் போன வகுப்புகள்தான் கம்மி. எங்கேயும் போகவில்லை, இல்லாமல் ஆகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். அது எனக்கே சரியாகப் படவில்லை. அந்த அம்மாவுக்கும் அது பிடிக்கவில்லை. வண்டி ஒன்று வந்தது. அது போகும்வரை பேச முடியவில்லை. டம்ளர்கள் அடங்கிய பிறகு கேட்டாள்.

"யாரு அமுக்குனது? நீயா?"

"அக்காதாம்மா. ரெண்டு வாட்டி கேட்டுச்சு. ரெண்டு வாட்டியும் அக்காதான் அமுக்குனாங்க."

அந்த அம்மா வாசல் பக்கம் திரும்பி அக்காவை ரொம்ப நேரம் பார்த்தாள். அக்கா தலையைக் குனியவில்லை. திரையைப் பார்த்த மாதிரியே நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெளிய ஏன் நிக்கிற? வெயிலு," என்றாள் அந்த அம்மா. "உள்ள வா."